கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஜப்பான் மலைக்கு: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள், கணவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள், தேசிய சேவையை முடித்துவிட்டு வந்திருக்கும் தம்பி என நாலு பேர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் ஒரு முறை புலாவ் ஊபினிலும் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறீர்கள். 2026 தீபாவளி நவம்பர் 8 ஞாயிறு, மறுநாளும் விடுமுறை என்பதால் அதையொட்டி ஜப்பானின் வட ஆல்ப்ஸ் மலைக்குப் போக நினைக்கிறீர்கள். கமிகோச்சியிலிருந்து கராசாவா வரை நடந்து, இலைகள் நிறம் மாறுவதைப் பார்த்து, கூடாரத்திலேயே தூங்க வேண்டும். முடியுமா, என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் தீபாவளிக்கு வேண்டாம். அக்டோபர் நடுவரை மகளுக்கு விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முதல் இரண்டு வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள்.

காரணம் இதுதான். இலையுதிர்காலம் மலையுச்சியில் தொடங்கி நாளுக்கு நாள் கீழே இறங்கி வரும். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கமிகோச்சி 1,500 மீட்டர், கராசாவா 2,300 மீட்டர். அதாவது மேலே எப்போதும் ஐந்து டிகிரி அளவுக்குக் குளிர் கூடுதல். அதனால் கராசாவாவில் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்தையொட்டி நிறம் உச்சத்தில் இருக்கும். கமிகோச்சிக்கு அது அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல்தான் வந்து சேரும். நவம்பர் எட்டாம் தேதி போய் நின்றால் கராசாவாவில் இலை இருக்காது, வெண்பனி இருக்கும். அங்குள்ள இரண்டு மலைக்குடில்களும் நவம்பர் முதல் வாரத்தையொட்டிச் சாத்திவிடுவார்கள். கமிகோச்சிக்கே நவம்பர் 15-ஆம் தேதியோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை பேருந்து கிடையாது.

தேதி குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அக்டோபர் இரண்டாம் திங்கள் ஜப்பானில் பொது விடுமுறை. 2026-இல் அது 12-ஆம் தேதி. அந்த மூன்று நாள் விடுமுறையில் கராசாவாவில் நூற்றுக்கணக்கான கூடாரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அக்டோபர் 5-ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்குள் இறங்கிவிட முடிந்தால் அதுதான் நல்ல வாரம். லீவு போட வேண்டியிருக்கும். போடுங்கள்.

இப்போது பாதை. பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். மாட்சுமோட்டோ நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம், அப்புறம் பேருந்தில் ஒரு மணி நேரம், கமிகோச்சி வந்துவிடும். சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லாததால் பள்ளத்தாக்கு அமைதியாக இருக்கும். கமிகோச்சியில் இருக்கும் கப்பா பாலத்திலிருந்து அசுசா ஆற்றை ஒட்டியே ஒரு மணி நேரம் நடந்தால் மியோஜின், இரண்டு மணி நேரத்தில் தொக்குசாவா, மூன்று மணி நேரத்தில் யோக்கோ. இந்த 11 கிலோமீட்டரில் மொத்த ஏற்றமே 120 மீட்டர்தான். சிங்கப்பூரில் பழைய ரயில் பாதை இருந்த நடைவழியில் நடப்பதுபோல நடந்துவிடலாம். யோக்கோவில் ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் மலை. அங்கிருந்து ஹொன்தானி பாலம் வரை ஒரு மணி நேரம், பிறகு கராசாவா வரை செங்குத்தாகக் கல்லும் வேருமாக இரண்டு மணி நேரம். கடைசி 700 மீட்டர் ஏற்றம் முழுவதும் இந்த மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். புக்கிட் தீமா குன்றின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து 164 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைப்போல நான்கு குன்றுகளுக்கு மேல், முதுகில் பன்னிரண்டு கிலோவோடு.

ஆகவே என் யோசனை: முதல் இரவு தொக்குசாவா, இரண்டாம் இரவு கராசாவா. தொக்குசாவா ஒரு காலத்தில் மாடு மேய்ந்த புல்வெளி. பெரிய மரங்களுக்கு நடுவே தரை மெத்தென்று இருக்கும். விடுதி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இரவு உங்களுக்குத் தேர்வு மாதிரி. குளிர் தாங்கவில்லை என்றால் மறுநாள் காலை சமதரையில் இரண்டே மணி நேரத்தில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். நன்றாகத் தூங்கி எழுந்தால் யோக்கோ வரை போங்கள். அங்கே உட்கார்ந்து வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, நாலு பேரும் வாய்விட்டுப் பேசி முடிவெடுங்கள். மேலே மழை என்றாலோ, மணி பதினொன்றைத் தாண்டிவிட்டாலோ, யாருக்காவது முழங்கால் வலித்தாலோ யோக்கோவிலேயே கூடாரம் போட்டுவிடலாம். அங்கும் முகாம் இடம் உண்டு. மறுநாள் வெறும் சிறிய பையோடு கராசாவா போய்த் திரும்பலாம், பாரமில்லாமல் அது சுகமான நடை. கராசாவாவுக்கும் மேலே ஒக்கு-ஹொத்தாக்கா சிகரம் இருக்கிறது, 3,190 மீட்டர், ஜப்பானில் மூன்றாவது உயரம். தம்பி கட்டாயம் ஆசைப்படுவார். இந்த முறை வேண்டாம். அது தலைக்கவசம் போட்டுக்கொண்டு பாறை பிடித்து ஏறும் இடம்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "குளிர் எத்தனை டிகிரி இருக்கும்?" என்றுதான். அக்டோபர் தொடக்கத்தில் கராசாவாவில் இரவு பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும். தெளிவான வானம் என்றால் அதற்கும் கீழே இறங்கும். ஆனால் குளிரை விட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். உலர்ந்த உடம்போடு பூஜ்ஜியத்தில் இருப்பவர் சௌகரியமாக இருப்பார். நனைந்த உடம்போடு எட்டு டிகிரியில் காற்றில் நிற்பவர் ஆபத்தில் இருப்பார். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடலின் சூட்டை இழுத்துவிடும். நமக்கு இது அனுபவத்தில் கிடையாது. வியர்த்தால் உடம்பு குளிரும், அது நல்லது என்று பழகியவர்கள் நாம். மாக்ரிட்சி காட்டில் நடந்து சொட்டச்சொட்ட நனைந்து, அப்படியே காப்பிக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம். மலையில் அந்தப் பழக்கம் ஆளைச் சாய்த்துவிடும்.

என் முதல் பயணத்தில் இதை அனுபவித்தேன். கராசாவாவுக்கு ஏறியபோது பனியனும் அதன்மேல் தடித்த சட்டையும், இரண்டும் பருத்தி. ஏறும்போது உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்ததால் மாற்றத் தோன்றவில்லை, படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சூரியன் ஹொத்தாக்கா முகடுக்குப் பின்னால் போனதும் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் குளிர் வந்தது. கால் மணி நேரத்தில் கூடாரக் கம்பியை அதன் துளையில் நுழைக்க என் விரல்களால் முடியவில்லை. துளை கண்ணுக்குத் தெரிகிறது, கம்பி கையில் இருக்கிறது, இரண்டும் சேர மறுக்கின்றன. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், எழுந்து வந்து என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். கழற்று என்று சைகை காட்டினார். அடுப்பில் வைத்திருந்த வெந்நீரை ஒரு குப்பியில் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு என் கையில் திணித்து, அக்குளைக் காட்டினார், பிறகு தொடையிடுக்கைக் காட்டினார். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதே வட ஆல்ப்ஸில், தாதேயாமா மலையில், 1989 அக்டோபர் 8-ஆம் தேதி பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று எதிர்பாராத பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. எட்டுப் பேர் குளிரில் இறந்துபோனார்கள். அக்டோபர் 8. நீங்கள் போகப்போகும் அதே வாரம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் வெயிலும் வரும், பனிப்பொழிவும் வரும், இரண்டுக்கும் பையில் இடம் இருக்க வேண்டும்.

அதனால் உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பருத்தி எதுவும் வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சுடிதார் வேண்டாம், தம்பியின் பச்சை ராணுவப் பனியன் பருத்தியா என்று பார்க்கச் சொல்லுங்கள். உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கு மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதன்மேல் ஃப்ளீஸ். இறகு அடைத்த ஜாக்கெட் ஒன்று, அது நடக்கும்போது அல்ல, நிற்கும்போதும் முகாமிலும் மட்டும். எல்லாவற்றுக்கும் மேல் மழைச்சட்டை, மழைக்கால்சட்டை இரண்டும். நம் ஊர்ப் பொன்சோ காற்றில் பறக்கும், மலையில் உதவாது. கிளம்பும்போது "கொஞ்சம் குளிருதே" என்று தோன்ற வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் உள்ளே ஊறிவிடும். முகாமுக்குப் போனதும் முதல் வேலை கூடாரம் அல்ல, படம் அல்ல, உள்ளாடை உட்பட உலர்ந்த துணிக்கு மாறுவது. தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடையும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, என்ன நடந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை என்று நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் வெப்பம் இறங்குகிறது என்பதற்கான அடையாளம் எளிது. நடுக்கம், அப்புறம் கை தடுமாறும், நாக்கு குழறும், கால் இடறும். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று மௌனமாகிவிட்டால் அதுவே ஓர் அறிகுறி. உடனே காற்றுப்படாத இடம், உலர்ந்த துணி, இனிப்பு, சூடாகக் குடிக்க ஏதாவது. கைகால்களைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. மது கூடவே கூடாது. அது சூடுபோலத் தோன்றவைத்து உள்சூட்டை வெளியேற்றிவிடும்.

தூங்கும் பை வாங்கும்போது அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கம்ஃபர்ட், சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இன்னொன்று லிமிட், சமாளித்துத் தூங்கக்கூடிய எல்லை. கடைக்காரர் பெரும்பாலும் லிமிட் எண்ணைத்தான் காட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை. கராசாவாவுக்கு அது மைனஸ் 5 ஆக இருக்கட்டும். நாலு பை புதிதாக வாங்குவது பெருஞ்செலவு. ஜப்பானில் மலைச் சாமான்களை வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், முன்பதிவு செய்து தங்கும் விடுதிக்கே வரவழைக்கலாம். நம் வெப்பத்தில் வருடம் முழுக்கப் பரணில் கிடக்கப்போகும் பொருளுக்கு வாடகையே மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் பையைவிடப் பலர் கோட்டைவிடுவது பாயில். கீழே இருக்கும் கல் உங்கள் சூட்டை விடியவிடிய உறிஞ்சும். படுத்தால் பையின் அடிப்பக்க இறகு நசுங்கிவிடும், அது எதையும் தடுக்காது. பாயின் ஆர் எண், அதாவது சூடு கீழே போகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் எண், நாலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டில் விரிக்கும் ஓலைப்பாயை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கராசாவா முகாம் முழுக்கப் பாறைத் துண்டுகள், பனியாறு குடைந்துவிட்டுப் போன பெரிய கிண்ணம் அது. அங்கே கூடாரத்துக்கு அடியில் போட ஒட்டுப்பலகை வாடகைக்குக் கொடுப்பார்கள். சீக்கிரம் போனால் கிடைக்கும்.

இப்போது காலணி. இதைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலில் காலணி அலமாரியில் ஐந்தாறு வருடமாக ஒரு மலைக்காலணி புதிதுபோலவே இருக்கும், "இதுவே போதும்" என்று எடுத்துக்கொண்டு போவார்கள். நடு அட்டையில் இருக்கும் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் நம் காற்றின் ஈரப்பதத்தில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். என்னோடு வந்த நண்பருக்கு யோக்கோவைத் தாண்டி அரை மணி நேரத்தில் வலது காலணியின் அடித்தட்டு முழுதாகக் கழன்று வந்தது. சிறிது தூரத்தில் இடதும். கூடாரக் கயிற்றை அறுத்துக் கட்டி, அவர் பையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டு, மெல்ல இறங்கினோம். உங்கள் காலணியின் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். கூடாரத்தின் உட்பூச்சுக்கும் இதே கதிதான். விரிக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டி, ஒருவித புளித்த வாடை வந்தால் அது மழையைத் தாங்காது.

பயிற்சிக்கு மலை தேடி அலைய வேண்டாம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் இருக்கிறது. பையில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துப் பன்னிரண்டு கிலோ ஆக்கி, மாடிப்படியில் ஏறுங்கள். மின்தூக்கியில் இறங்காதீர்கள், படியிலேயே இறங்குங்கள். மலையில் முழங்கால் போவது இறக்கத்தில்தான். வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். சனிக்கிழமைகளில் புக்கிட் தீமாவில் உச்சிக்கும் அடிவாரத்துக்குமாக ஐந்தாறு தடவை. இதில் தம்பிக்குச் சிரமம் இருக்காது, தேசிய சேவையில் இதைவிடப் பாரம் தூக்கியிருப்பார். உங்கள் வேகத்துக்கு அவர் நடக்கப் பழகுவதுதான் அவருக்கான பயிற்சி. மலையில் குழுவின் வேகம் என்பது குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்.

இன்னொரு பயிற்சி, இதைத் தவறவிடாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு நாள் பாசிர் ரிஸ் பூங்காவிலோ ஈஸ்ட் கோஸ்ட்டிலோ அனுமதி எடுத்து, மழை வரும்போல் இருக்கிற மாலையில் கூடாரத்தைப் போட்டுப் பழகுங்கள். நாலு பேரும் கையுறை அணிந்துகொண்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில். அடுப்பையும் கையுறையோடே பற்றவையுங்கள். சாவகாசமாகப் பகல் வெளிச்சத்தில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அப்போது தெரியும். முகாம் அனுமதியை நேரம் இருக்கும்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணிவாக்கில் இருட்டும், அந்தக் கணக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. அங்கே அக்டோபர் முதல் பாதியில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே முகடுகள் வெயிலை மறைத்துவிடும். விடிவதற்கு முன் எழுந்து, பிற்பகல் மூன்று மணிக்குள் முகாமில் இருப்பதுதான் அங்குள்ள மலைக்காரர்களின் வழக்கம். நீங்கள் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையல். எரிவாயுக் குடுவையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, மாட்சுமோட்டோவில் வாங்குங்கள். அங்கே மலையேறிகளுக்கான கடைகள் உண்டு. வெறும் பூட்டேன் வேண்டாம், பூஜ்ஜியத்தை ஒட்டி அது வாயுவாக மாறவே அடம்பிடிக்கும். ஐசோபூட்டேனும் புரொப்பேனும் கலந்த குளிர்காலக் குடுவை என்று கேளுங்கள். கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள். வெளியே குளிர், மழை என்று எல்லாரும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

2,300 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாது, சோறும் நடுவில் அரிசியாகவே நிற்கும். அங்கே ஆல்ஃபா அரிசி என்று வேகவைத்து உலர்த்திய அரிசி பொட்டலங்களில் கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றி மூடி, கால் மணி நேரம் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டால் வெந்துவிடும், வயிற்றுக்கும் சூடு. அதில் புளிக்காய்ச்சலைக் கிளறினால் புளியோதரை. கராசாவாவில் இருட்டில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அதைச் சாப்பிடும்போது உடம்பு முழுக்க உயிர் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது, பாக்குவா, மீட் ஃப்ளாஸ், இறைச்சி கலந்த உடனடி நூடல்ஸ் எல்லாமே அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய் வேண்டாம். கொண்டுபோவதைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சைவம் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: மலைக்குடிலில் ஆவி பறக்க விற்கும் ஓதேனில் காய்கறியும் டோஃபுவும் மிதக்கும், ஆனால் அதன் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்தது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது கரடி. வட ஆல்ப்ஸில் கருங்கரடிகள் உண்டு, குளிர்கால உறக்கத்துக்கு முன் இலையுதிர்காலத்தில் அவை ஓயாமல் தின்னும். 2020 ஆகஸ்டில் கமிகோச்சியிலேயே, கொனாஷிதைரா முகாமில், கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கரடி தாக்கிக் காயப்படுத்தியது. உணவையோ குப்பையையோ பற்பசையையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். முகாமில் உணவுப் பெட்டகம் இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் எங்கே வைப்பது என்று குடில்காரரிடம் கேளுங்கள். நடக்கும்போது பையில் மணி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், சத்தம் கேட்டால் பெரும்பாலும் கரடியே ஒதுங்கிப்போகும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாகானோ மாவட்டத்தில் இந்த மலைகளுக்குப் போகிறவர்கள் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். 2016-இலிருந்து அது சட்டம், இணையத்திலும் செய்யலாம். ஒரு பிரதியை இங்கே சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் பயணக் காப்புறுதியில் மலையேற்றமும் மீட்புச் செலவும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தனியார் மீட்புக் குழு வர நேர்ந்தால் செலவு நம் தலையில் விழும். குறித்த முகாம் தவிர வேறெங்கும் கூடாரம் போடக் கூடாது, அது தேசியப் பூங்கா. கழிவறைக்கு நூறு யென் நாணயங்கள் வேண்டும். குப்பையைத் திரும்பச் சுமந்து வர வேண்டும். யோக்கோவுக்கு மேல் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும், இரவில் கைப்பேசியையும் கையிருப்பு மின்கலத்தையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சொல் தகராறு. தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். காலையில் புல்மேல் இருப்பதும் பனி, மூடிக்கொள்வதும் பனி, வானத்திலிருந்து விழுவதும் பனி. வானிலை முன்னறிவிப்பைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லும்போது இதில் குழப்பம் வரக்கூடாது. மூடுபனி என்றால் பாதைக் குறிகளைப் பார்த்துப் பார்த்து நடங்கள். உறைபனி என்றால் விடியலில் மரப்பாலங்கள் வழுக்கும், வெயில் பட்டபிறகு கிளம்புங்கள். வெண்பனி விழும் என்றால் யோக்கோவைத் தாண்டாதீர்கள். நம் முன்னோர் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், நள்ளிரவை ஒட்டிய யாமத்தைச் சிறுபொழுதாகவும் வைத்தார்கள். இலையுதிர்காலத்து மலையில் யாமத்தில் கண்விழித்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் சட்டென்று விளங்கும்.

அந்த இரவையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் ஏன் போக வேண்டும் என்பதே விட்டுப்போகும். தூங்கப் போகும் முன் ஏதாவது சாப்பிடுங்கள், உடம்பு எரிப்பதற்கு ஏதாவது வேண்டும். வெந்நீர்க் குப்பியைப் பைக்குள் வையுங்கள். கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள், மூச்சின் ஈரம் உள்கூரையில் உறைந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். அலாரம் ஐந்து மணிக்கு. வெளியே வந்து நின்றால் கிண்ணத்தைச் சுற்றிப் பாறைச் சுவர்கள் கருநீலமாக நிற்கும், ஆள் பேச்சு கேட்காது, அங்கங்கே அடுப்புச் சத்தம் மட்டும். ஆறு மணியை ஒட்டி ஹொத்தாக்காவின் நெற்றியில் செம்பொட்டு வைத்ததுபோல் ஒரு துளி வெளிச்சம். அது வழிந்து கீழே வரும். பாறை சிவந்து, அப்புறம் வெயில் நானாகமாதோ மரங்களைத் தொடும்போது அடிவாரம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். நடுநடுவே தாகேகன்பா மரங்களின் மஞ்சள், சில ஆண்டுகளில் உச்சியில் முதல் வெண்பனியும். மேலே வெள்ளை, நடுவில் சிவப்பும் மஞ்சளும், கீழே பச்சை என்று மூன்றும் ஒரே பார்வையில் கிடைப்பதை ஜப்பானியர்கள் மூன்றடுக்கு இலைநிறம் என்கிறார்கள். அந்தச் சிவப்பு, இலையில் ஒளிந்திருந்தது அல்ல. மஞ்சள்தான் ஏற்கெனவே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் தெரியவருகிறது. சிவப்பை மரம் அந்த நாட்களில்தான் புதிதாக உண்டாக்குகிறது. அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் வேண்டும். நீங்கள் நடுங்கிக்கொண்டு கிடந்த இரவுதான் காலையில் அந்த நிறம்.

இறங்கும்போது அவசரப்படாதீர்கள். கராசாவாவிலிருந்து பேருந்து நிலையம் வரை ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஆகும். கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறிவைத்து, காலை ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள். கைத்தடி இரண்டு இருந்தால் உங்கள் முழங்காலுக்கு நல்லது.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் பையை மூலையில் போட்டுவிடுவோம். அன்றைக்கே பிரித்துவிடுங்கள். கூடாரத்துக்குள் மலையின் ஈரம் இருக்கும். நம் ஊர்க் காற்றில் மூன்றே நாளில் பூசணம் பிடித்துவிடும். சன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் மூங்கில் கழியில் வெயில் நேரடியாகப் படாத பக்கமாகப் போட்டு, மடிப்பும் தையலும் காயும் வரை இரண்டு நாள் விடுங்கள். தூங்கும் பை சொந்தமாக இருந்தால் அதன் சிறிய உறைக்குள் திணித்து வைக்காதீர்கள், இறகு நசுங்கிப்போகும். ஏர்கான் உள்ள அறையில் அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். காலணியின் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காய்ந்ததும் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.